ஏப்ரல் 14-க்குள் முடிக்க வேண்டியிருந்தது: ஐந்து பேர் செய்த ஒரு ப்ராஜெக்ட்டின் பதிவு

பி.டெக். கணினி அறிவியல் ஆறாம் பருவத்தில் எங்கள் ஐவர் குழுவுக்கு 2025 ஜனவரி 20 அன்று ப்ராஜெக்ட் ஒதுக்கப்பட்டது. முதல் ரிவ்யூ பிப்ரவரி 14, இரண்டாவது ரிவ்யூ மார்ச் 21, இறுதி டெமோவும் வைவாவும் ஏப்ரல் 28 என்று துறையிலிருந்து தேதிகள் வந்திருந்தன. அந்தப் பதினான்கு வாரங்களில் நாங்கள் வேலையைப் பிரித்த விதமும், பிரித்ததில் ஏற்பட்ட பிழையும், அதைச் சரிசெய்த முறையும் இனி இதே நிலையில் நிற்கப்போகும் குழுக்களுக்குப் பயன்படும் என்று நம்பி, என் நோட்டில் அன்றன்று குறித்து வைத்தவற்றைக் கொண்டு இதை எழுதுகிறேன்.

குழுவில் ஒருவர் கடலூர் முதுநகரைச் சேர்ந்தவர். அவருடைய அத்தை, துறைமுகத்தில் விடியற்காலையில் நடக்கும் ஏலத்தில் விசைப்படகுகளிலிருந்து இறங்கும் மீனை எடுத்து, கூடை சுமந்து ஊர் ஊராக விற்கும் பெண்களுக்குப் பிரித்துக் கொடுப்பவர். எந்தப் படகு, என்ன மீன், எத்தனை கூடை, என்ன விலைக்கு ஏலம் போனது, யார் கடனாக எடுத்துச் சென்றார், யார் எவ்வளவு திருப்பிக் கொடுத்தார் என்பதெல்லாம் ஒரு நீளமான கணக்கு நோட்டில் இருந்தன. பனிக்கட்டித் தண்ணீர் பட்டு மை கரைந்துபோன பக்கங்கள் அதில் பல. இந்தக் கணக்கைக் கைப்பேசியில் எழுதவும், மாலையில் மொத்தம் போட்டுப் பார்க்கவும் ஒரு சிறு வலைச் செயலி செய்வதே எங்கள் பொருள். அதனுடன் மீன் விலையை இயந்திரக் கற்றல் கொண்டு முன்கூட்டிக் கணிப்பது, குரலால் பதிவு செய்வது, கடன்காரர்களுக்கு எஸ்எம்எஸ் அனுப்புவது ஆகியவற்றையும் முன்மொழிவில் எழுதியிருந்தோம். அப்படி எழுதினால்தான் முன்மொழிவு ஏற்கப்படும் என்று அப்போது நினைத்தோம்.

முதல் மூன்று வாரங்களில் வேலையை அடுக்குகளாகப் பிரித்திருந்தோம். ஒருவர் திரைகளை வரைவார், ஒருவர் தரவுத்தள அட்டவணைகளை அமைப்பார், ஒருவர் பைத்தான் நிரல்மொழியில் சர்வர் பகுதியை எழுதுவார், ஒருவர் விலைக் கணிப்பைப் பார்ப்பார், ஒருவர் அறிக்கை எழுதுவார். பெரும்பாலான குழுக்கள் இப்படித்தான் பிரிக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தெரிந்ததை ஒவ்வொருவருக்கும் கொடுப்பதால் நியாயமாகவும் தோன்றுகிறது. ஆனால் திரை வரைபவர் சர்வருக்காகக் காத்திருந்தார். சர்வர் எழுதுபவர் அட்டவணை முடிவாகட்டும் என்றிருந்தார். அட்டவணை அமைப்பவரோ என்னென்ன திரைகள் வரும் என்று தெரியாமல் தொடங்க முடியவில்லை. பிப்ரவரி 14 அன்று எங்களிடம் அழகான ஐந்து திரைகளும், தனியே பதினொரு அட்டவணைகளும், எவற்றோடும் இணையாத சில நிரல் கோப்புகளும் இருந்தன. ஒரு கூடை மீனைக்கூடப் பதிவு செய்து திரும்பக் காட்ட முடியவில்லை. வழிகாட்டிப் பேராசிரியர் கடிந்து பேசவில்லை, “இதை யார் பயன்படுத்தப் போகிறார்களோ, அவர்களை எத்தனை முறை பார்த்தீர்கள்?” என்று மட்டும் கேட்டார். அத்தையின் மருமகளான முதுநகர்த் தோழியைத் தவிர எங்களில் யாரும் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

மறுநாள் சனிக்கிழமை. புதுச்சேரி விடுதியில் இருந்த நாங்கள் இருவர் விடியற்காலைப் பேருந்தில் கடலூருக்குச் சென்று, தோழியுடன் உப்பனாற்றங்கரையில் ஏலம் நடக்கும் இடத்தில் நின்றோம். ஏலம் மிக விரைவாக நடந்தது. ஒரு கூடைக்கு விலை முடிவாகி அடுத்த கூடைக்குப் போக ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நாங்கள் வரைந்திருந்த பதிவுத் திரையில் ஒன்பது கட்டங்கள் இருந்தன. அவ்வளவையும் நிரப்ப அங்கே யாருக்கும் நேரமில்லை என்பது நின்ற சில நிமிடங்களிலேயே புரிந்துவிட்டது. ஏலம் முடிந்து தேநீர் குடிக்கும்போது, ஏப்ரல் கடைசியில் செயலியைக் கொண்டுவந்து இங்கே சோதித்துப் பார்ப்போம் என்று தோழி அத்தையிடம் சொன்னார்.

“ஏப்ரல் கடைசியிலயா? பதினஞ்சாம் தேதியே போட்டையெல்லாம் கட்டிப் போட்டுடுவாங்களேடி. அப்புறம் எந்த ஏலத்தை எழுதுறது?” என்றார் அத்தை.

கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம் என்பது எங்களுக்குத் தெரியாத செய்தி அல்ல. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால், முன்பு 45 நாட்களாக இருந்த தடை 61 நாட்களாக நீட்டிக்கப்பட்டது. நாட்டுப் படகுகள் கரைக்கு அருகே மீன்பிடிப்பதற்குத் தடையில்லை என்றாலும், அத்தை எடுப்பது விசைப்படகு மீன். அந்தச் செய்தியை எங்கள் கால அட்டவணையோடு சேர்த்துப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. துறை கொடுத்த ஏப்ரல் 28-ஐ மட்டுமே கெடு என்று எண்ணியிருந்தோம். இந்த வேலையின் உண்மையான கெடு ஏப்ரல் 14. அதற்குள் செயலி துறைமுகத்தில் சில நாட்களாவது ஓடியிருக்க வேண்டும். ஓடி, தவறி, திருத்தப்பட்டிருக்க வேண்டும். எனவே சோதனை ஏப்ரல் 5, 6 தேதிகளில் தொடங்கியாக வேண்டும் என்று திரும்பி வரும் பேருந்திலேயே பின்னோக்கிக் கணக்கிட்டோம்.

பிப்ரவரி 17 திங்கள் முதல் ஏப்ரல் 13 ஞாயிறு வரை எட்டு வாரங்கள். அவற்றில் இரண்டு வாரங்கள் இன்டர்னல் தேர்வுகளுக்குப் போய்விடும். மீதமுள்ள ஆறு வாரங்களில் ஒவ்வொருவரும் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உண்மையாகக் கொடுக்க முடியும் என்று தனித்தனியே தாளில் எழுதி மடித்து வைக்கச் சொன்னோம். எல்லார் முன்னிலையிலும் வாயால் கேட்டால் பதினைந்து, இருபது என்றுதான் வருகிறது. தாளில் வந்தவற்றின் சராசரி ஏறத்தாழ ஆறு மணி நேரம். ஐவர், ஆறு வாரம், ஆறு மணி நேரம் என்று பெருக்கினால் 180 மணி நேரம்.

அடுத்து, வேலைகளை ஒவ்வொரு சீட்டில் ஒவ்வொன்றாக எழுதினோம். மொத்தம் 31 சீட்டுகள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் ஆகும் என்று மதிப்பிட, அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக 1958-இல் உருவான ‘பெர்ட்’ முறையைப் பின்பற்றினோம். எல்லாம் நல்லபடியாக நடந்தால் ஆகும் நேரம், பெரும்பாலும் ஆகக்கூடிய நேரம், எல்லாம் தவறினால் ஆகும் நேரம் ஆகிய மூன்றையும் கேட்டு, நடுவில் உள்ளதை நான்கால் பெருக்கி, மூன்றையும் கூட்டி, ஆறால் வகுக்க வேண்டும். உள்நுழைவுத் திரைக்கு 2, 5, 20 என்று வந்தது. கூட்டி வகுத்தால் 7 மணி நேரம். படம் எடுத்து ஏற்றும் வசதிக்கு 3, 6, 27. அதாவது 9 மணி நேரம். இந்தச் சூத்திரத்தைவிட, “எல்லாம் தவறினால் என்ன ஆகும்?” என்று வாய்விட்டுக் கேட்டதுதான் அதிகம் உதவியது என்பது என் கருத்து. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போதுதான், “எனக்கு அது சரியாகத் தெரியாது, இனிமேல்தான் படிக்க வேண்டும்” என்பதை ஒருவர் வெட்கமின்றிச் சொல்ல முடிகிறது.

சீட்டுகளின் மொத்தம் 232 மணி நேரம். கையில் இருப்பதோ 180. விலைக் கணிப்புக்கு 40, குரல் பதிவுக்கு 24, எஸ்எம்எஸ்ஸுக்கு 18 என மூன்றுக்கும் சேர்த்து 82 மணி நேரம் போட்டிருந்தோம். அவற்றை எடுத்துவிட்டால் 150 ஆகும். இதில் எங்களுக்குள் நீண்ட வாக்குவாதம் நடந்தது. விலைக் கணிப்பை எடுத்துக்கொண்டிருந்தவர், முன்மொழிவில் எழுதியதைக் கைவிட்டால் மதிப்பெண் போய்விடும் என்றார். அவருடைய அச்சம் நியாயமானது. ஆனால் விலையைக் கணிக்கப் பல மாதத் தரவு வேண்டும். எங்களிடம் இருந்தது பாதி அழிந்த ஒரு நோட்டு. பிப்ரவரி 19 அன்று அந்தத் தாளையும் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு ஐவருமாகப் பேராசிரியரிடம் சென்றோம். எதை விடுகிறோம், ஏன் விடுகிறோம், அதற்குப் பதிலாக எதை உறுதியாகச் செய்து முடிப்போம் என்று விளக்கினோம். அவர் இரண்டு கேள்விகள் கேட்டுவிட்டு, திருத்திய நோக்கத்தை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளச் சொன்னார். இதே கோரிக்கையை ஏப்ரலில் கொண்டுபோயிருந்தால் அது சாக்காகத் தெரிந்திருக்கும்.

வேலைப் பிரிவையும் மாற்றினோம். அடுக்குகளுக்குப் பதிலாக, பயன்படுத்துபவர் செய்யும் ஒரு செயலை எடுத்து, அதன் திரை, சர்வர், அட்டவணை மூன்றையும் இருவர் சேர்ந்து முடிப்பது என்று வைத்தோம். முதல் செயல், ஒரு கூடை ஏலம் எடுத்ததைப் பதிவு செய்து அதைத் திரையில் மீண்டும் பார்ப்பது. உள்நுழைவு இல்லை, வண்ணம் இல்லை, நான்கே கட்டங்கள். பிப்ரவரி 25 அன்று அது ஓடியது. அன்றிலிருந்து ஏப்ரல் வரை, எந்த நாளில் யார் கேட்டாலும் காட்டக்கூடிய ஏதோ ஒன்று எங்களிடம் எப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. மனத்தில் இருந்த பாரம் பாதியாகக் குறைந்தது அந்த நாளில்தான்.

பேசிக்கொள்ளும் முறைக்கும் ஓர் ஒழுங்கு வேண்டியிருந்தது. ஐந்து பேர் என்றால் இருவர் இருவராகப் பத்து இணைகள். அந்தப் பத்து இணைகளுக்குள்ளும் தனித்தனியே செய்தி ஓடினால், யாருக்கு எது தெரியும் என்பது யாருக்கும் தெரியாது. வாட்ஸ்அப் குழுவில் எடுத்த முடிவுகள் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கும் தேர்வு வினாத்தாள் படங்களுக்கும் அடியில் புதைந்துபோயின. அதனால் திங்கள், புதன், வெள்ளி மாலை நான்கரை மணிக்குக் கல்லூரிக்கு வெளியே உள்ள தேநீர்க் கடையில் பதினைந்து நிமிடம் கூடினோம். போன முறை கூடியதிலிருந்து என்ன முடிந்தது, அடுத்து என்ன, எதற்காக யாரிடம் காத்திருக்கிறேன் என்பதற்கு மேல் அங்கே எதுவும் பேசுவதில்லை. எடுத்த முடிவை ஒரே ஒரு பகிர்வுக் கோப்பில் தேதியுடன் ஒருவர் எழுதுவார். அந்தப் பொறுப்பு வாரந்தோறும் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மாறியது. எழுதுபவர்தான் மிகக் கவனமாகக் கேட்கிறார் என்பதால் அப்படி மாற்றியது நல்லதாயிற்று.

மார்ச் 8 சனிக்கிழமை இரவு ஒரு விபத்து நடந்தது. எங்களில் ஒருவர் பத்து நாட்களாகத் தன் கணினியில் தனியாக எழுதி வைத்திருந்த நிரலை மெயின் கிளையில் (எல்லாருக்கும் பொதுவான நிரல் பிரதியில்) ஏற்ற முயன்றார். நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் மென்பொருள் அதை ஏற்க மறுத்ததும், இணையத்தில் கிடைத்த ஒரு கட்டளையைப் பார்த்து ஃபோர்ஸ் புஷ் (இருப்பதன் மேல் தன்னுடையதைக் கட்டாயமாக ஏற்றுவது) செய்துவிட்டார். மற்ற இருவரின் மூன்று நாள் வேலை சர்வரிலிருந்து மறைந்தது. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் உருவாக்கிய கிட், பகிர்ந்து வைக்கும் அமைப்பு. ஒவ்வொருவரின் கணினியிலும், அவர் கடைசியாகச் சர்வரிலிருந்து இழுத்த வரை நடந்த வரலாறு முழுவதும் ஒரு பிரதியாக இருக்கும். அன்று பிற்பகல் கடைசியாக இழுத்து வைத்திருந்த தோழியின் மடிக்கணினியில் எல்லாக் கமிட்டுகளும் (பதிந்த மாற்றங்களும்) அப்படியே இருந்தன. அவர் அவற்றைப் புதிய கிளையாக ஏற்ற, இரவு ஒரு மணிக்குள் இரண்டையும் இணைத்து முடித்தோம். ஒருவேளை அவரிடமும் இல்லாமல் போயிருந்தால், எழுதிய இருவரின் கணினிகளில் ரெஃப்லாக் (கிட் தன் ஒவ்வொரு அசைவையும் குறித்து வைக்கும் பட்டியல்) வழியாகத் தேடியிருக்கலாம். கிளைகளிலிருந்து விடுபட்ட கமிட்டுகளையும் கிட் உடனே அழித்துவிடுவதில்லை.

மறுநாளே மெயின் கிளைக்குப் பாதுகாப்பு போட்டு, நேரடியாக யாரும் புஷ் செய்ய முடியாதபடி செய்தோம். எந்தக் கிளையும் இரண்டு நாட்களுக்கு மேல் தனியாக வாழக்கூடாது, இன்னொருவர் படித்துப் பார்க்காமல் எதுவும் இணையக்கூடாது என்ற இரு விதிகளை அமைத்தோம். அந்தக் கட்டளையைக் கொடுத்தவரை யாரும் குறை சொல்லவில்லை. பத்து நாட்கள் ஒருவர் தனியாக எழுதிக்கொண்டிருப்பதை மற்ற நால்வரும் கவனிக்காமல் விட்டதும் அதே விபத்தின் பகுதி.

அதே வாரத்தில் இன்னொன்றும் தெரியவந்தது. பண்ருட்டியிலிருந்து வரும் நண்பர் பிப்ரவரி இறுதியிலிருந்து கூட்டங்களுக்கு வரவில்லை, செய்திகளுக்கும் பதிலில்லை. அவர் பெயரை நீக்கும்படி பேராசிரியருக்குக் கடிதம் எழுதும் பேச்சு எழுந்தது, வரைவுகூடத் தயாராகிவிட்டது. அனுப்புவதற்கு முன் ஒருமுறை நேரில் பேசிவிடலாம் என்று நானும் இன்னொருவரும் அவர் ஊருக்குச் சென்றோம். தந்தைக்கு உடல்நலம் சரியில்லாததால், முந்திரிக் கொட்டை பொறுக்கும் பருவத்தில் தோப்பு வேலை முழுவதும் அவர் தலையில் விழுந்திருந்தது. வகுப்புக்கு வருவதே அவருக்குப் பெரும்பாடாக இருந்தது. சொல்லக் கூச்சப்பட்டு, இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று தள்ளிப்போட்டு, நாட்கள் கூடக் கூடச் சொல்வது இன்னும் கடினமாகிவிட்டது என்றார். அவருடைய நான்கு வாரங்களைக் கணக்கிலிருந்து எடுத்தோம். 180 மணி நேரம் 156 ஆனது, வேலையோ 150. மிச்சம் வெறும் ஆறு மணி நேரம். மூன்று வாரங்களுக்கு முன்பு அந்த 82 மணி நேரத்தைக் கழித்திராவிட்டால் இந்த இடத்திலேயே நாங்கள் முடங்கியிருப்போம். அவர் ஏப்ரலில் திரும்பி வந்து, பயனர் கையேட்டையும் சோதனைப் பதிவுகளையும் முழுமையாக எடுத்துக்கொண்டார். அறிக்கையின் சிறந்த அத்தியாயம் அவர் எழுதியது.

மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரைக்குச் சாமிகள் வரும் கூட்டத்தில் முதுநகர்த் தோழியை வேலைக்கு அழைப்பதில் பொருளில்லை என்று அந்த நாளை முதலிலேயே விடுமுறையாகக் குறித்திருந்தோம். இரண்டாவது ரிவ்யூ குறித்துச் சொல்ல அதிகமில்லை. ஓடுவதைக் காட்டினோம், ஏற்றுக்கொண்டார்கள்.

ஏப்ரல் 5 சனிக்கிழமை விடியற்காலை 4 மணிக்கு முதல் சோதனை. முதல் பதிவு 4.10-க்கு, சங்கரா இரண்டு கூடை. ஏலம் முடிந்து அன்றைய மொத்தத்தைப் பார்த்த அத்தை, “நேத்து தேதியில விழுந்திருக்கே, நேத்து நான் சங்கராவே எடுக்கலையே?” என்றார். விடியற்காலை 5.30-க்கு முன் செய்த பதிவுகள் எல்லாம் ஏப்ரல் 4 கணக்கிலும், அதற்குப் பின் செய்தவை ஏப்ரல் 5 கணக்கிலும் இருந்தன. நாங்கள் பயன்படுத்திய எஸ்க்யூலைட் தரவுத்தளம், நேரத்தைத் தானாகக் குறிக்கச் சொன்னால் யுடிசி (உலகப் பொது நேரம்) நேரத்தையே குறிக்கும். இந்திய நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முந்தியது. ஆகவே நம் 4.10 மணி அங்கே முந்தைய நாள் இரவு 10.40. நாங்கள் அதுவரை சோதித்தது பிற்பகலிலும் முன்னிரவிலும், காலை 5.30 முதல் நள்ளிரவு வரை இரு நேரத்திலும் தேதி ஒன்றாகவே இருப்பதால் இந்தப் பிழை ஒருநாளும் கண்ணில் படவில்லை. விடுதியில் இன்னும் ஓர் ஆண்டு சோதித்திருந்தாலும் பட்டிருக்காது. சேமிக்கும் நேரத்தை யுடிசியிலேயே விட்டுவிட்டு, நாள் வாரியாகக் கூட்டும் இடத்திலும் திரையில் காட்டும் இடத்திலும் மட்டும் இந்திய நேரத்துக்கு மாற்றும்படி அன்று மதியமே திருத்தினோம்.

மறுநாள் ஞாயிறு, கூட்டம் மிகுந்த ஏலம். அத்தையும் தோழியும் இரு கைப்பேசிகளில் ஒரே நேரத்தில் எழுதியபோது, தரவுத்தளம் பூட்டப்பட்டிருக்கிறது என்ற பிழைச் செய்தியுடன் மூன்று பதிவுகள் தவறின. எஸ்க்யூலைட்டில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே எழுத முடியும். எழுத்து சில மில்லிவினாடிகளில் முடிந்தால் இது தொல்லையாகாது. ஆனால் கூடையின் படம் ஏறி முடியும்வரை எங்கள் நிரல் பரிவர்த்தனையை (ஒரு பதிவை எழுதி முடிக்கும் செயலை) முடிக்காமல் திறந்தே வைத்திருந்தது. படம் ஏற்றுவதை வெளியே எடுத்து, பூட்டு திறக்கக் காத்திருக்கும் நேரத்தை 5 வினாடியாக வைத்ததும் சரியாயிற்று. பனிக்கட்டி நீரில் நனைந்த விரலைத் தொடுதிரை சரியாக உணரவில்லை என்பதும் அன்றுதான் தெரிந்தது. பொத்தான்களை இருமடங்கு பெரிதாக்கி, விலையைத் தட்டச்சு செய்வதற்குப் பதில் ஐம்பது ரூபாய்ப் படிகளாக ஏற்றி இறக்கும்படி மாற்றினோம்.

ஏப்ரல் 13 வரை அத்தை தினமும் எழுதினார். பழைய நோட்டிலும் கூடவே எழுதும்படி கேட்டுக்கொண்டோம். கடைசி நான்கு நாட்கள் இரண்டின் மொத்தமும் ஒன்றாக இருந்தன. 14-ஆம் தேதி சித்திரை முதல் நாள், யாரும் வேலை செய்யவில்லை. 15-ஆம் தேதியிலிருந்து டெமோ வரை கிடைத்த பதின்மூன்று நாட்களில் புதிதாக எதையும் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்து, அறிக்கையையும், காப்புப் பிரதியிலிருந்து தரவை மீட்டுப் பார்க்கும் சோதனையையும் மட்டும் செய்தோம். முதல் மீட்பில் கணக்குகள் எல்லாம் வந்தன, படங்கள் வரவில்லை. படக் கோப்புறை காப்புப் பட்டியலிலேயே இல்லை. அதைச் சேர்த்து, ஏப்ரல் 24 அன்று வேறொரு கணினியில் மீண்டும் முழுவதும் மீட்டோம். 31 சீட்டுகளில் கைவிட்ட மூன்றும், கடன் பாக்கியை ஆள் வாரியாக அச்சிடும் ஒன்றும் மீதம் இருக்கின்றன. அந்த நான்கையும், முடித்த மற்றவற்றுக்கு நாங்கள் போட்ட மூன்று மதிப்பீடுகளோடும் உண்மையில் ஆன நேரத்தோடும் சேர்த்து, அடுத்த ஆண்டு இதைத் தொடர விரும்பும் இளையவர்களிடம் கொடுத்திருக்கிறோம். அட்டையின் மேல் ஏப்ரல் 14 என்று பெரிதாக எழுதித்தான் கொடுத்தோம்.